ஓர் ஆன்டெனா, நாலு அறை: சிக்னலைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கேபிளின் உள்கம்பிகளை உரித்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் சிக்னல் பிரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரண்ட் வயரில் அப்படி இணைத்தால் மின்சாரம் பிரியும், ஆன்டெனா கேபிளுக்கு அது ஆகாது. ஆன்டெனா கேபிளின் மின்மறுப்பு (இம்பிடன்ஸ், சிக்னலுக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) 75 ஓம்; இரண்டு இணையாகச் சேர்ந்தால் அது 37.5 ஓம் ஆகிவிடும். பொருத்தம் கெட்டதும் சிக்னலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். சில சேனல் நன்றாக வரும், சில கட்டங்கட்டமாக உடையும். பிரிக்க, பொருத்தம் கெடாமல் சிக்னலைப் பங்கிடும் சிறு பெட்டியான ஸ்ப்ளிட்டர்தான் வேண்டும்.

ஸ்ப்ளிட்டரிலும் இழப்பு உண்டு. இரண்டு வழி என்றால் ஒவ்வொரு வழியிலும் சுமார் 4 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு), நாலு வழி என்றால் 7 முதல் 8 டெசிபல் குறையும். டிவிக்கு வழக்கமாகப் போடும் ஆர்ஜி-6 வகைக் கேபிள் 20 மீட்டர் ஓடினால், டிவி ஒளிபரப்பு வரும் யுஎச்எஃப் அலைவரிசையில் இன்னொரு 4 டெசிபலைத் தின்னும். அதனால், பின்னால் உதவும் என்று எட்டு வழி வாங்கி மாட்டாதீர்கள். டிவி இல்லாத வழி மிஞ்சினால் அதில் 75 ஓம் டெர்மினேட்டரை (சிக்னல் திரும்பாமல் அந்த வழியை அடைக்கும் சிறு மூடி) திருகிவிடுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை டிவிக்குப் பின்னால் வைப்பது. கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் தேய்ந்து வந்த சிக்னலை அங்கே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். போன தரம் திரும்பாது. டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் மெல்ல மெல்ல மங்குவதில்லை, ஒரு வரம்புக்குக் கீழே போனதும் திடீரென உறைந்து நிற்கும். பூஸ்டரின் இடம் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், நீளக் கேபிள் தொடங்குவதற்கு முன். அதற்கான மின்சாரம் அதே கேபிள் வழியாக மேலே ஏறுவதால், பவர் யூனிட்டை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், ஆன்டெனா பக்கம் பொருத்துங்கள். சாதாரண ஸ்ப்ளிட்டர் இடையில் வந்தால் மின்சாரம் பூஸ்டரைப் போய்ச் சேராமல் போகலாம்.

ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் பூஸ்டரே கெடுதல்: அளவுக்கு மீறிய சிக்னலில் அது திணறி, வந்த சேனல்களும் காணாமல் போகும். ஆகவே முதலில் ஆன்டெனா கேபிளை ஒரே டிவியில் நேராகச் சொருகிப் பாருங்கள். அங்கேயே படம் உடைந்தால் கோளாறு ஆன்டெனாவின் திசையிலோ உயரத்திலோ கேபிளிலோ இருக்கிறது.

கேபிள் முனையில் கனெக்டர் போடும்போது, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வலைக்கம்பியின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். ஒரு அறையில் மட்டும் படம் வரவில்லை என்றால் முதலில் அந்த அறைக் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிப் பாருங்கள்.