தனுஷ்கோடியில் பூநாரை பார்க்கப் போகிறீர்களா?

ராமேஸ்வரம் தீவில் பூநாரை (ஃபிளமிங்கோ பறவை) பார்க்க ஜனவரி, பிப்ரவரி நல்ல சமயம். தனுஷ்கோடி சாலையில், கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி மேய்ந்துகொண்டிருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானலில் அந்த இளஞ்சிவப்பு கலங்கித்தான் தெரியும். சாலையோரம் நின்றே பைனாகுலரில் பாருங்கள். மேய்கிற கூட்டம் சட்டென்று கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், மெதுவாகப் பின்வாங்குங்கள். செல்ஃபிக்காகச் சேற்றில் இறங்குபவர்களை என்ன சொல்ல! 2025இல் இந்தப் பகுதி பூநாரை சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது. பார்த்த எண்ணிக்கையைத் தேதியோடு இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவேற்றுங்கள், ஆய்வாளர்களுக்கு உதவும். அப்புறம், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்; 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.