நெடுநாள் நின்றுபோன தண்டர்பேர்டு 350-ஐ மீண்டும் நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

2012-இல் 20 லிட்டர் டேங்க்கும் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்கும் கொண்டு புது வடிவில் வந்து, 2020-இல் உற்பத்தி நின்ற ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350, நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்றே அமைந்த வண்டி. எஞ்சின் எளிமையானது, பட்டறைக்காரர்களுக்கு நன்கு பழகியது. ஆகவே, யாரோ வாங்கி, சில காலம் ஓட்டி, பிறகு வீட்டு வாசலில் கவர் போட்டு ஆண்டுக்கணக்கில் நிறுத்திவிட்ட வண்டி ஒன்று கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் பலரும் வாங்கிய அன்றே ஸ்டார்ட் செய்து பார்த்து, சத்தம் நன்றாக இருந்தால் போதும் என்று பெயிண்டுக்கும் சைலன்சருக்கும் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். ஓடும் வண்டியைப் பிரேக் போட்டு நிறுத்துவதற்கு வேண்டியவற்றை முதலிலும், ஓட்டுவதற்கு வேண்டியவற்றை அடுத்தும், அழகைக் கடைசியிலும் கவனிப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் 2012-இல் பதிவான வண்டிக்கு 2027-இல் புதுப்பிக்க வேண்டிவரும். அந்தச் செலவையும் விலை பேசும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். கடன் பாக்கி இருந்ததாகப் பதிவாகியிருந்தால், அது நீக்கப்பட்ட பிறகே கைமாற்றுங்கள்.

பிரேக்கில் தொடங்குவோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் அது தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். உள்ளே இறங்கிய ஈரம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனை அரித்து அசையவிடாமல் பிடித்திருக்கும். பிரேக்கைப் பிடித்து விடுவித்த பின்பும் சக்கரம் கையால் சுற்றக் கனமாக இருந்தால் அதுவே அறிகுறி. காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, சீல்களைப் புதிதாக மாற்றி, டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக் குழாயில் உள்ள காற்று முழுவதையும் எடுத்துவிடுங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் வருடும்போது குழி தட்டுப்பட்டால் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் புதியதே போடுங்கள். ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள்.

டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். வெயிலில் நின்று ரப்பர் கெட்டித்துப்போன டயர் மழைச்சாலையில் பிடிக்காது. டயரை மாற்றும்போது டியூபையும் மாற்றி, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தேய்ந்துவிட்டது என்று அறியலாம்.

இனி எஞ்சின். இதில் இரண்டு ஸ்பார்க் பிளக் உண்டு. இரண்டையும் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே சிறிதளவு எஞ்சின் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் இக்னிஷனை அணைத்தே வைத்து, வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். எஞ்சின் தடையின்றிச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் வலிந்து சுற்றாமல் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது அது பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. உலோகச் சில்லுகள் தென்பட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் ஃபில்டரை மாற்றி 15டபிள்யூ50 தர எஞ்சின் ஆயில் ஊற்றலாம். இந்த எஞ்சினில் வால்வுகளை இயக்குபவை ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டாப்பெட்டுகள் என்பதால் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் ஏறும்வரை சற்று நேரம் டக்டக் என்ற ஒலி வரும். எஞ்சின் சூடேறிய பின்னும் அது தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பெட்ரோல் கெட்டுப்போவதுதான் நின்ற வண்டியின் பெரிய நோய். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்க்கின் அடியில் துருவை வளர்க்கும். டேங்க்கைக் கழற்றி, பெட்ரோல் டேப்பையும் அளவு காட்டும் சென்சாரையும் நீக்கி, துளைகளை அடைத்து, வெள்ளை வினிகரை நிரப்பி ஒரு நாள் வைத்துக் குலுக்கிக் கொட்டுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்தி, உடனே புதுப் பெட்ரோல் நிரப்புங்கள். தாமதித்தால் சில மணி நேரத்திலேயே மீண்டும் துரு படியத் தொடங்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் வார்னிஷ் போன்ற மஞ்சள் பசையும் புளித்த நெடியும் இருக்கும். மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவான அந்தத் துளையில் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றழுத்தமுமே போதும். பெட்ரோல் ட்யூபைப் புதிதாகப் போடுங்கள்.

பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். எஞ்சின் வேகத்தை உயர்த்தும்போது சுமார் 14 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் ரெக்டிஃபையரைக் குற்றம் சொல்வதற்கு முன் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சீட்டுக்கு அடியில் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டைத் தொகுப்பாகவே மாற்றுங்கள்; கிளட்ச் கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதியது போடுங்கள்.

எல்லாம் முடிந்தவுடன் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கிளம்பிவிட வேண்டாம். முதல் 500 கிலோமீட்டரை வீட்டைச் சுற்றியே, கூப்பிட்டால் மெக்கானிக் வரும் தூரத்தில் ஓட்டி, ஆயிலை மீண்டும் ஒருமுறை மாற்றி, எல்லா போல்ட்டுகளையும் ஸ்போக்குகளையும் திரும்ப இறுக்குங்கள். அடுத்து, பயணத்தில் ஏற்றப்போகும் மூட்டை முழுவதையும் கட்டிக்கொண்டு ஏற்காடு போன்ற சிறிய மலைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். இறங்கியதும் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்திருக்கிறதா, பிரேக் லீவர் முன்பைவிட உள்ளே போகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் நீண்ட பயணத்தைத் தள்ளிவைத்து, அதைச் சரிசெய்த பிறகே கிளம்புங்கள்.