துருக்கி கல்யாணத்துல ஹாலாய் ஆட்டத்துல சேர்றது எப்படி?

துருக்கி கல்யாணத்துக்குப் போனா யாராவது கையப் பிடிச்சு ஆட இழுத்துருவாங்க, அதனால ஸ்டெப்ப மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி எதக் கேக்கணும்னு காதப் பழக்குங்க, மத்தது தானா வரும்.

அங்க தாவுலும் சுர்னாவும் தான் கல்யாண வாத்திய ஜோடி. தாவுல்ங்கறது தோள்ல மாட்டுற பெரிய மேளம், ஒரு பக்கம் டோக்மாக்னு ஒரு தடி கோல்ல "தும்"னு அடி விழும், இன்னொரு பக்கம் மெல்லிசு குச்சி சடசடன்னு ஓடிட்டே இருக்கும். சுர்னா நம்ம நாதஸ்வரத்துக்கு சொந்தம்னு சொல்லலாம், சீவாளி வச்சு ஊதுறது, கன்னத்துல காத்த அடக்கிக்கிட்டு மூக்கால மூச்சிழுப்பாங்க, அதான் சத்தம் அறுபடாமப் போகுது. சுர்னா பின்னாடி போனா கால் தடுமாறும். "தும்" மட்டும் பிடிங்க, கால் அதுல விழட்டும்.

ஹாலாய்ல எல்லாரும் வரிசையா சுண்டு விரல் கோத்து, இல்லன்னா தோள் ஒட்டி நிப்பாங்க. முன்னாடி கைக்குட்டைய சுழட்டுறவர் தான் ஹாலாய்பாஷி, வரிசைய நடத்துறது அவர் தான், அவர் இடத்துக்கு மட்டும் போயிடாதீங்க. வால் பக்கமா சேருங்க. ரெண்டு சுத்து பக்கத்துல இருக்கவங்க காலப் பாருங்க. முதல்ல மெதுவா தான் போகும், அப்பவே ஸ்டெப்ப பிடிச்சிரணும், ஏன்னா போகப் போக வேகம் ஏறிரும், அப்புறம் பாக்க நேரமே இருக்காது.

எல்லா ஊர்லயும் இதே ஆட்டம் இல்ல. ட்ரப்ஸோன் மாதிரி கருங்கடல் பக்கம் ஹோரோன், கெமெஞ்சேன்னு சின்ன வில் வாத்தியம், 7 எண்ணிக்கை தாளம், தோள் எல்லாம் நடுங்குற வேகம், அத முதல் நாளே ஆட ட்ரை பண்ண வேண்டாம். ரோமா மக்களோட (ஜிப்ஸின்னு சொல்லுவாங்களே, அவங்க) துள்ளல் பாட்டு வந்தா 9 எண்ணிக்கை, "தக தக தக தகிட"ன்னு வாய்ல சொல்லிப் பாருங்க, டக்குன்னு பிடிபடும். ஏஜியன் கடல் பக்கத்து ஸெய்பெக் ஆட்டமும் 9 தான், ஆனா ரொம்ப நிதானம், கைய பருந்து மாதிரி விரிச்சு முட்டி தரையத் தொடுற ஆட்டம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். யாராவது தனியா ஆடினா விலகி இடம் விடுங்க.

ஹாலாய்ல மூச்சு வாங்குதுன்னா சட்டுன்னு கைய உதறிட்டுப் போயிடாதீங்க, ரெண்டு பக்கத்துல இருக்கவங்க விரலையும் ஒண்ணா கோத்து விட்டுட்டு அப்புறமா பின்னாடி நகருங்க.