செவிலியர் பணிக்கான இரண்டு ஊதியங்களை ஒப்பிடும் முறை

மத்திய அரசு மருத்துவமனைகளின் ஊதியத்தை அளவுகோலாகக் கொள்ளுங்கள். அங்கு செவிலிய அலுவலர் 7ஆம் ஊதிய நிலையில், 44,900 ரூபாய் அடிப்படை ஊதியத்துடன் பணியில் சேர்கிறார். அகவிலைப்படியும் செவிலியர் படியும் தனியே சேரும்.

அடுத்து ஊரைக் கவனியுங்கள். 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி சென்னை, டெல்லி போன்ற பெருநகரங்களில் அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடாகவும், மதுரை, கோவை போன்ற நகரங்களில் 20 விழுக்காடாகவும், மற்ற ஊர்களில் 10 விழுக்காடாகவும் கணக்கிடப்படுவதால், புதிதாகச் சேரும் ஒருவருக்குச் சென்னையில் 13,470 ரூபாயும் மதுரையில் 8,980 ரூபாயும் கிடைக்கும். ஆனால் சென்னையின் உண்மையான வாடகையைக் கழித்துப் பார்த்த பிறகே எது இலாபம் என்று முடிவு செய்யுங்கள்.

அனுபவத்திற்கு ஆண்டுதோறும் சுமார் 3 விழுக்காடு உயர்வு உண்டு. சிறப்புப் பிரிவுக்கு அரசுப் பணியில் கிடைக்கும் கூடுதல் தொகை மிகச் சிறியது. அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் சுமக்கும் பொறுப்புக்கு அது போதவே போதாது. தனியார் மருத்துவமனையில் அதே அனுபவத்தைக் காட்டிப் பேரம் பேசலாம்.

தனியார் பணி என்றால் படுக்கைகளின் எண்ணிக்கையை விசாரியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து அமைக்கப்பட்ட குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மாநில அரசுக்கு நிகரான ஊதியத்தையும், 50க்கும் குறைவானவை குறைந்தது 20,000 ரூபாயையும் வழங்கப் பரிந்துரைத்தது. பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றாதது வேதனைக்குரியது. எனினும் பேச்சுவார்த்தையில் இந்த எண்ணைத் தயங்காமல் முன்வையுங்கள். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் போகக் கையில் வரும் தொகையையும், இரவுப் பணிக்கான படியையும் எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடுங்கள்.