மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை: குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு நன்றாக இருந்த ஒருவருக்குச் சில ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தால், வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு "பழசு திரும்பிடுச்சு" என்பதுதான். பெரும்பாலும் அது வேறு நோய். முன்பு ஏற்றிய கீமோ மருந்துகளில் சில ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையின் மரபணுக்களையும் சேதப்படுத்தக்கூடியவை. சைக்ளோபாஸ்பமைடு போன்றவற்றின் பாதிப்பு 5 முதல் 10 ஆண்டுகளிலும், எட்டோபொசைடு போன்றவற்றின் பாதிப்பு 1 முதல் 3 ஆண்டுகளிலும் லுக்கேமியாவாக, அதாவது ரத்தப் புற்றுநோயாக, வெளிப்படலாம். மிகச் சிலருக்குத்தான் இப்படி நேர்கிறது. இதைக் கேள்விப்பட்டு "கீமோவே வேண்டாம்" என்று ஒதுங்குவது அதைவிடப் பெரிய தவறு.

அடுத்தது, இந்த லுக்கேமியாவுக்காகக் கொடையாளரிடமிருந்து பெற்று மஜ்ஜை மாற்றினால் இரண்டு புற்றுநோயும் ஒரேயடியாகப் போய்விடும் என்ற நம்பிக்கை. கொடையாளரின் புதிய எதிர்ப்பணுக்கள், மிஞ்சியிருக்கும் லுக்கேமியா அணுக்களைத் தேடி அழிக்கும். மார்பகம், குடல், நுரையீரல் கட்டிகளுக்கு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. கட்டி இன்னும் உடம்பில் இருந்தால், மாற்றுச் சிகிச்சை செய்யலாமா என்பதையே மருத்துவர்கள் யோசிப்பார்கள். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய்க்கு அவர்களுடைய ஸ்டெம் செல்லையே (ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்களையே) எடுத்துத் திரும்பக் கொடுப்பது உண்டு. அது வேறு வகைச் சிகிச்சை.

ஆகவே, பழைய சிகிச்சைத் தாள்களைத் தொலைத்துவிடாதீர்கள். சென்னையிலோ திருச்சியிலோ முதல் சிகிச்சை எடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. "அதெல்லாம் முடிஞ்ச கதை" என்று சிங்கப்பூர் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது ஆபத்து. டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்து. ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. முன்பு எவ்வளவு ஏற்றினார்கள், மார்பில் கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பதை வைத்தே இப்போதைய சிகிச்சையை வகுப்பார்கள்.

கொடையாளர் விஷயத்தில் ரத்த வகையைப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பொருந்த வேண்டியது எச்.எல்.ஏ. எனும் திசுக்குறி. உடன்பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடுதான் வாய்ப்பு. இப்போது பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமோ பிள்ளைகளிடமோ கூட எடுக்கிறார்கள். வெளியாரைத் தேடினால், பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்தாரிடம்தான் கிடைக்கும். இங்கே இந்தியர்கள் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். அதனால் நம்மவர்கள் கொடையாளராகப் பதிய வேண்டும். 1993 முதல் இயங்கும் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டத்தில் பதிய, கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த மாதிரி போதும்.

பதிந்தவர் கடைசி நேரத்தில் பின்வாங்குவதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கொடுமையானது. "கல்யாணம் ஆகாத பொண்ணு, முதுகெலும்புல ஊசி போட்டுட்டா?" என்று பெரியவர்கள் பதறுவார்கள். முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. பெரும்பாலும் நான்கைந்து நாள் ஊசி போட்டு, கையின் ரத்தக்குழாய் வழியாகச் சில மணி நேரத்தில் ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுப்பார்கள். அல்லது மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம், அது உங்கள் உரிமை. ஆனால் நோயாளியின் மஜ்ஜையைக் கடும் கீமோவால் அழித்த பிறகு கொடையாளர் வராவிட்டால், நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

மாற்று நடக்கும் நாளில் அறுவை சிகிச்சை ஏதும் இருக்காது. ரத்தப் பை போன்ற ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டு ஏற்றுவார்கள். "இவ்வளவுதானா?" என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். புதிய மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். எதிர்ப்புச் சக்தி தேற மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள். வீடு திரும்பியபின் இரவு காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், பனடால் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. பனடால் காய்ச்சலை மறைக்கும், கிருமி மறையாது. உடனே மருத்துவமனை கொடுத்த எண்ணை அழையுங்கள், சொன்னபடி கிளம்புங்கள். இதை வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள். பகலில் உடனிருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

அன்போடு கொண்டுவரும் பொருளிலும் ஆபத்து உண்டு. கோயில் மாலை, மல்லிகைச் சரம், வீட்டில் உறையூற்றிய தயிர், தேக்காவில் வாங்கி நேரமாகிப்போன தேங்காய்ச் சட்னி எல்லாம் மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளியே இருக்கட்டும். ரத்தத் தட்டணு ஏறட்டும் என்று பப்பாளி இலைச்சாறு கொடுப்பவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு கூடினால், காரணம் மாத்திரையா, கொடையாளரின் அணுக்கள் உடம்பைத் தாக்குவதா, சாறா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். சீனப் புத்தாண்டில் வரும் பம்பளிமாஸ் பழமும் கொடையாளரின் அணுக்கள் உடம்பைத் தாக்காமல் தடுக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றக்கூடியது.

ஆண்டுகள் கடந்தால் பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடுவார்கள். மாற்று செய்துகொண்டவர்களுக்குத் தோலிலும் வாயிலும் புதிய கட்டிகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இந்த ஊர் வெயிலில் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் அவசியம். வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் அறவே விட வேண்டும். வாயில் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ தெரிந்தால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.