பழங்காலக் கண்ணாடி: விழுக்காட்டை அப்படியே நம்பாதீர்கள்

பழைய கண்ணாடித் துண்டுகளின் வேதிக்கூறுகள் அட்டவணையாகக் கைக்கு வந்ததும், மண்ணில் கிடந்து சிதைந்தவற்றுக்கு ஒரு சராசரி, சிதையாதவற்றுக்கு ஒரு சராசரி என்று எடுத்து ஒப்பிட்டுவிடுகிறார்கள். "சிதைவில் சிலிக்கா கூடுகிறது, சுண்ணாம்பும் கூடுகிறது" என்று முடிவும் எழுதியாகிவிடும். உண்மையில் இரண்டுமே கூடாமல் இருந்திருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் கண்ணாடியில் சிலிக்கா (மணலின் முதன்மைக் கூறு) 70, சோடா (சோடியம் ஆக்சைடு) 17, சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) 8, மற்றவை 5. மண்ணின் ஈரம் 12 கிராம் சோடாவை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. (உள்ளே புகும் நீரை இங்கே விட்டுவிடுவோம்.) மீதி 88 கிராம். இப்போது சிலிக்கா 79.5 விழுக்காடு, சுண்ணாம்பு 9.1. புதிதாக ஒரு துளியும் சேரவில்லை. மொத்தம் 100 என்று கட்டிப்போட்டிருப்பதால் ஒன்று இறங்கினால் மற்றவை தாமாக ஏறுகின்றன. சரி, சிலிக்காவைச் சுண்ணாம்பால் வகுத்துப் பாருங்கள்: முன்பும் 8.75, பின்பும் 8.75. நம்ப வேண்டியது இந்த விகிதத்தைத்தான்.

விழுக்காடு போல, ஒரே எண்ணால் வகுத்த அளவுகளுக்கு இடையே போலி ஒட்டுறவு (உண்மையில் இல்லாத தொடர்பு) தோன்றும் என்று புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1897-இலேயே எச்சரித்தார். இன்னொரு புள்ளியியல் அறிஞர் ஜான் அட்சிசன் 1980-களில் மடக்கை விகித முறையைத் தந்தார்: விழுக்காடுகளை விட்டு, கூறுகளின் விகிதங்களுக்கு மடக்கை (log) எடுப்பது. ஒட்டுறவு பார்ப்பதோ, துண்டுகளைக் குழுக்களாகப் பிரிப்பதோ, அந்த மாற்றத்தைச் செய்துவிட்டே தொடங்குங்கள்.

அங்கே சுழியம் குறுக்கே நிற்கும்; அதற்கு மடக்கை கிடையாது. பெரும்பாலும் அந்தச் சுழியம் 'இல்லை' என்பதல்ல, கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே என்பதுதான். எல்லையைவிடச் சிறிய ஒரு மதிப்பை இடலாம். அளக்கவே படாத தனிமத்துக்கு அப்படி இட்டு நிரப்புவது பெரும்பிழை. எடுத்துக்காட்டாக, கையடக்க எக்ஸ்-கதிர் கருவிகள் பொதுவாகச் சோடியத்தைச் சரியாகக் காண்பதில்லை.

வகைகளைக் கலப்பதும் கூடாது. பொட்டாஷ் கண்ணாடி சிதைந்தால் பொட்டாசியம் வெளியேறி, சிலிக்காவின் பங்கு உயரும். பண்டைச் சீனாவின் ஈய-பேரியக் கண்ணாடியில் மேற்பரப்பில் ஈயக் கார்பனேட் படிந்து, சிலிக்காவின் பங்கு சரியும். இரண்டையும் ஒரே சராசரியில் போட்டால் ஒன்றை ஒன்று அழித்து, சிதைவே நடக்காதது போலத் தெரியும்.

அப்புறம், எண்ணிக்கை. நான்கு குடுவைகளில் ஐந்தைந்து இடம் அளந்துவிட்டு, மாதிரி 20 என்று புள்ளியியல் சோதனையில் போடுகிறார்கள். ஒரே உலையில் உருகிய ஒரே குடுவையின் ஐந்து புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அங்கே இருப்பது நான்கு மாதிரிகள்தாம்.