பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: பென்டிரைவிலிருந்து தமிழ்99 வரை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத லேப்டாப்கள் பல வீடுகளில் பீரோ மேல் ஏறிவிட்டன. அவற்றில் பல இன்னும் ஐந்தாறு வருடம் உழைக்கக்கூடியவை. பழைய சாமான் கடைக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காக ஒதுக்குங்கள். கட்டளை எதுவும் தட்டச்சு செய்யத் தேவையில்லை, எல்லாம் மவுஸாலேயே முடியும்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். அதில் நூறு வகை உண்டு. முதல்முறை என்றால் நான் லினக்ஸ் மின்ட்டைத்தான் சொல்வேன். மெனு இடது கீழ் மூலையில் இருக்கும், விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரேஆபீஸும் கூடவே வரும். சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மூன்று பதிப்புகள் உள்ளன. பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ, அதுதான் மூன்றிலும் இலகுவானது.

64 பிட் ப்ராசசர், குறைந்தது 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் இடம் வேண்டும். 2 ஜிபியில் ஓடும்தான், ஆனால் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் திணறும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். எந்த மென்பொருளை மாற்றினாலும் அந்த வேகம் வராது.

படி 1: கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

புகைப்படம், சான்றிதழ் ஸ்கேன், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்கில் நகலெடுங்கள். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை மறக்கவேண்டாம்.

தமிழர் வீட்டுக் கணினிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம், கவிதை என்று ஏதாவது இருக்கும். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஆகவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் அவற்றை இரட்டைக் கிளிக் செய்து நிறுவிக்கொள்ளலாம்.

படி 2: பென்டிரைவ் தயாரித்தல்

மின்ட்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து எக்ஸ்எஃப்சிஇ பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி வரும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், ஆனால் அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளை விண்டோஸில் இறக்கித் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சரிபார்ப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணைக் காட்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். பாதியில் இணையம் அறுந்து கோப்பு கெட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அப்புறம் நிறுவல் நடுவில் நின்றதும் லேப்டாப்பைக் குறை சொல்கிறார்கள். எண் பொருந்தினால் ஸ்டார்ட் கொடுங்கள், கேட்கும் கேள்விக்குப் பரிந்துரைத்த பதிலையே விடுங்கள்.

படி 3: நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியவுடன் பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் விசையும் பிறகு எஃப்9உம். ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சற்று நேரத்தில் மின்ட்டின் முகப்புத் திரை வந்துவிடும். இது பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது, உங்கள் டிஸ்கில் இன்னும் எதுவும் மாறவில்லை.

இங்கே அவசரப்படாதீர்கள். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேகத்தை மட்டும் இப்போது எடைபோட வேண்டாம், பென்டிரைவிலிருந்து படிப்பதால் மந்தமாகத்தான் இருக்கும். வைஃபை வரவில்லை என்றால் கைபேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். உடனே இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜர் தேவையான டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தேடித் தரும்.

அடுத்து, மெனுவில் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் குறிப்பை, பாருங்கள். அதில் ரீஅலோகேட்டட் செக்டார் கவுன்ட் என்ற வரி முக்கியம். டிஸ்கில் பழுதாகி, மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அது. சுழியமாக இருந்தால் சரி. எண் பெரிதாக இருந்தாலோ நாளுக்கு நாள் ஏறினாலோ அந்த டிஸ்கில் எதையும் நிறுவாதீர்கள். முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

படி 4: நிறுவுதல்

சார்ஜரைச் செருகிவிட்டு (பழைய பேட்டரியை நம்பி இதில் இறங்கக்கூடாது) முகப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் திறவுங்கள். மொழி, விசைப்பலகை கேட்கும். மல்டிமீடியா கோடெக்குகளை (பாட்டு, வீடியோ ஓட உதவுபவை) நிறுவவா என்ற கட்டத்தில் டிக் போடுங்கள்.

அடுத்து வரும் திரையில்தான் கவனம் வேண்டும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவது ஒரு வழி. டிஸ்கை முழுவதும் அழித்து நிறுவுவது இன்னொரு வழி. விண்டோஸ் இனி தேவையில்லை, நகல் பத்திரமாக இருக்கிறது என்றால் இரண்டாவதே சுலபம். வெளி டிஸ்க் எதையும் செருகி வைத்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், தவறான டிஸ்க் அழிய வழியே இருக்காது. நேர மண்டலம், பெயர், கடவுச்சொல் கொடுத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று வைத்தவர்களுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. கணினி பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

படி 5: முதல் நாள் வேலைகள்

அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு எதையாவது நிறுவிக் குழப்பம் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது கணினி அமைப்பை மட்டுமே காப்பாற்றும், உங்கள் புகைப்படங்களை அல்ல. அவற்றுக்குத் தனி நகல் எப்போதும் வேண்டும்.

படி 6: தமிழில் தட்டச்சு

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்சஸில் இன்புட் மெத்தட் பகுதிக்குப் போய், ஆட் அழுத்தி, தமிழ் மொழியின் கீழ் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் படம் போட்ட விசையும் ஸ்பேஸும் சேர்ந்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் போகலாம்.

ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் முறைகளும் அதே பட்டியலில் உண்டு. இருந்தாலும் தமிழ்99ஐக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளியைப் பல இடங்களில் தானே வைத்துக்கொள்ளும்: அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். ப, ந, த, உ என்றால் ‘பந்து’. முதல் சில நாள் மெதுவாகத்தான் போகும். விசைப்பலகைப் படம் ஒன்றை அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டிவைத்து, தினமும் ஒரு பத்தியாவது அடித்துப் பழகுங்கள்.